இடது கை மட்டும்

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வரும் போன்தான் முதலில் உறுத்தியது. தட்டைப் போட்டு உட்காரும் நேரம் பார்த்து வரும். மகள் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து வீட்டுக்குப் பின்பக்கச் சந்தில் போய் நின்று பேசுவாள். திரும்பி வரும்போது சோறு ஆறியிருக்கும். பத்தொன்பது வயதுப் பெண்ணுக்கு வாராவாரம் ஒரே நேரத்தில் போன் வந்தால் எந்த அம்மாவும் நினைப்பதைத்தான் அம்மாவும் நினைத்தாள். மூன்று வாரம் நினைத்துக்கொண்டே இருந்துவிட்டு, நான்காவது வாரம் பாத்திரம் கழுவுகிற சாக்கில் சன்னலருகே நின்றாள்.

"இன்னும் பன்னெண்டு இருக்கு சார்," என்றது மகளின் குரல். "நாலு மணிக்குள்ள ஏத்திடறேன். இல்ல சார், விரல் மட்டும்தான் பாக்கி. சரி சார்."

காதலிக்கிறவர்கள் யாரும் இன்னும் பன்னிரண்டு இருக்கிறது என்று சொல்வதில்லை. அம்மாவுக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. அந்தக் குரலை அவளுக்குத் தெரியும். பதினேழு வருடமாகச் சட்டைக் கம்பெனியில், தைத்து முடித்த சட்டைகளைச் சரிபார்க்கும் மேசையில் நின்றபடி அவள் கேட்டுக்கொண்டிருக்கிற குரல். லைன் சூப்பர்வைசர் கழுத்தில் கடிகாரத்தைத் தொங்கவிட்டுக்கொண்டு திரிகிறவர். அவருக்கு ஸ்டாப்வாட்ச் என்றே பெயர். அவர் முதுகுக்குப் பின்னால் வந்து நிற்கும்போது, தைக்கிறவள் திரும்பாமலே சொல்கிற பதில் அது. அதில் பயம் இருக்காது. மன்னிப்பு மட்டும் கொஞ்சம் கலந்திருக்கும்.

வெளியே மழை பிடித்துக்கொண்டது. மகள் உள்ளே வந்து, சாப்பிடாமலே கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள்.

அவள் படிப்பது இரண்டு வருடப் படிப்பு. டிஜிட்டல் மீடியா ஆர்ட்ஸ் என்று போர்டில் இருக்கிறது. மெத்தைக் கடைக்கு மேலே மூன்றாவது மாடியும் நான்காவது மாடியும்தான் கல்லூரி. வருடத்துக்கு முப்பது பேரைக்கூடச் சேர்ப்பதில்லை. அதைக் கண்டுபிடித்தது அப்பா. அவர் ஃப்ரிட்ஜ், ஏசி மெக்கானிக். இரண்டு வருடம் முன்னால் அங்கே சர்வீசுக்குப் போனவர், ஏழு ஏசியையும் கழற்றிப் பார்த்துவிட்டு வந்து, "ஒரு ஃபில்டர்லகூடத் தூசி இல்ல. மிஷினை இப்பிடி வெச்சிருக்கறவன் பிள்ளைங்களை நல்லாத்தான் வெச்சிருப்பான்," என்றார். அந்த ஒரு வார்த்தையில்தான் மகள் அங்கே சேர்ந்தாள். ஒருவர் தம் தொழிலுக்குள்ளிருந்து உலகத்தைப் பார்க்கும்போது எவ்வளவு தூரம் தெரியுமோ அவ்வளவு தூரம்தான் அவருக்கும் தெரிந்தது.

அம்மா ஸ்டூலை இழுத்து மகள் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள்.

திரையில் ஒரு மனிதனின் கை இருந்தது. அவன் எங்கிருந்தோ குதித்துக்கொண்டிருந்தான். மகள் அந்தக் கையைச் சுற்றிப் புள்ளி புள்ளியாக வைத்துக் கோட்டால் சேர்த்தாள். அடுத்த படத்துக்குப் போனாள். கை மயிரிழை நகர்ந்திருந்தது. புள்ளிகளையும் மயிரிழை நகர்த்தினாள். அதற்கு அடுத்த படம்.

"இது யாரு கை?"

"யாரோ ஸ்டன்ட் ஆளு. ஆளைத் தனியாப் பிரிச்செடுக்கத்தான் இந்தக் கோடு."

"மூஞ்சி எங்க?"

"மூஞ்சி எனக்கு வரலம்மா. எனக்கு இடது கை மட்டும்தான்."

"மூஞ்சி யாருக்கு?"

"என் கிளாஸ்ல இன்னொருத்திக்கு. வலது கை ஃபர்ஸ்ட் இயருக்கு. கயிறு அழிக்கறது வேற ரெண்டு பேரு."

"என்ன கயிறு?"

"ஆளக் கயித்துல கட்டித்தானேம்மா குதிக்க விடுவாங்க. படத்துல கயிறு தெரியக்கூடாது இல்லையா. அதை ஒவ்வொரு படமா அழிக்கணும்."

திரையின் மூலையில் ஓர் எண் ஓடிக்கொண்டிருந்தது. ஆயிரத்து எண்பத்தைந்து. ஆயிரத்து எண்பத்தாறு.

"அது என்ன நம்பர்?"

"படத்தோட நம்பர். ஒரு செகண்டுக்கு இருபத்தினாலு படம். எனக்கு ஆயிரத்து நாப்பத்தொம்பதுல இருந்து ஆயிரத்துத் தொண்ணூத்தாறு வரைக்கும்."

"அதுக்கு முன்னாடி?"

"வேற யாராவது செய்வாங்க."

"அதுக்குப் பின்னாடி?"

"அம்மா, இப்ப உனக்கு என்னதான் வேணும்?"

"ஒண்ணும் வேணாம். சுண்டுவிரல்கிட்ட கோடு வீங்கியிருக்கு பாரு."

மகள் அந்த இடத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். இரண்டு புள்ளி விலகித்தான் இருந்தது. சரிசெய்துவிட்டு, திரும்பாமல் கேட்டாள். "எப்பிடிம்மா உனக்குத் தெரிஞ்சுது?"

அம்மாவின் கண் திரையிலேயே இருந்தது. "இதுக்கு எவ்வளவு மார்க்?"

"மார்க்லாம் கிடையாது. சரியா இருந்தா ஓகே. இல்லைன்னா ரீவொர்க், திரும்பச் செய்யணும்."

அம்மா எழுந்து ஸ்டூலை எடுத்த இடத்திலேயே வைத்தாள்.

மறுநாள் கம்பெனியில் டீ நேரம் பத்து நிமிடம். அம்மாவும் காஜாக்காரியும் தண்ணீர் டேங்க் பக்கம் நின்றார்கள். காஜாக்காரிக்கு வேலை பட்டன் துளை போடுகிற மிஷினில். ஒரு நாளைக்கு ஆயிரத்துச் சொச்சம் சட்டைக்குத் துளை போடுகிறவள். பேச்சும் அப்படித்தான், ஒரே குத்தில் போகும். ரொட்டியை டீயில் தோய்த்துத் தின்றுகொண்டே முழுவதையும் கேட்டாள்.

"புதுசா வர்ற பிள்ளைங்களுக்கு நாம தைக்க என்ன குடுக்கறோம்?" என்றாள்.

"வெட்டுல மிஞ்சின துணி."

"நல்ல துணி எப்பக் குடுப்போம்?"

"லைன்ல உக்கார வெக்கற அன்னைக்கு."

"அப்புறம் என்ன என்னைக் கேக்கற. பழகறவளுக்கு முழுச் சட்டையும் தைக்கக் குடுப்பாங்க, கோணலா வந்தாலும் பரவாயில்லைன்னு. காலர் மட்டும் தை, கஃப் மட்டும் தைன்னா அது பழக்கமா? ஆர்டர்."

"காலேஜும்மா அது."

"காலேஜ்தான். சரி, சம்பளம் அவன் தர்றானா, ஃபீஸ் நீ கட்டறியா?"

"நான்தான் கட்டறேன்."

காஜாக்காரி ரொட்டியை மெல்லுவதை நிறுத்தினாள். கம்பெனிக் கட்டடத்தை ஒரு தடவை அண்ணாந்து பார்த்தாள். "இந்த யோசனை நம்ம முதலாளிக்கு இன்னும் வரல பாரு. நீ இதை இங்க யார்கிட்டயும் சொல்லி வெக்காத."

அம்மா சிரித்தாள். டீ டம்ளரைக் கழுவி வைக்கும்போது அந்தச் சிரிப்பு முகத்தில் இல்லை. அன்று முழுவதும் அவள் மேசைக்கு வந்த சட்டைகளை ஒவ்வொன்றாக விரித்து, திருப்பி, மடித்துக்கொண்டே இருந்தாள். சந்தேகம் என்பது அவளுக்குக் குணமா, தொழிலா என்று அவளுக்கே பிரித்துச் சொல்லத் தெரியாது. ஒரு சட்டையை எடுக்கும்போதே அதில் தப்பு இருக்கிறது என்றுதான் எடுக்க வேண்டும். நல்ல சட்டை என்று நினைத்து எடுத்தால் கண்ணுக்கு எதுவும் படாது. வீட்டுக்குப் போன பிறகு அந்தக் கண்ணை எங்கே கழற்றி வைப்பது?

சாயங்காலம் மகள் ஒரு தாளைக் கொண்டுவந்தாள். பெற்றோர் கையெழுத்துப் போட்டுப் புதன்கிழமைக்குள் தர வேண்டும். தராதவர்களுக்குக் கடைசிப் பரீட்சைக்கு ஹால் டிக்கெட் கிடையாது. பரீட்சைக்கு நாலு மாதம்தான் இருந்தது. அப்பா சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்துவிட்டார்.

"இருங்க," என்றாள் அம்மா. "என்ன எழுதியிருக்கு? படிச்சுச் சொல்லு."

மகள் இங்கிலீஷில் படித்துத் தமிழில் சொன்னாள். கல்லூரியில் செய்த பயிற்சி எல்லாம் கல்லூரிக்கே சொந்தம். அதை மாணவர்கள் வெளியே யாருக்கும் காட்டக்கூடாது. படிப்பு முடிந்து போன பிறகும் காட்டக்கூடாது. தாங்கள் செய்ததாகச் சொல்லவும் கூடாது.

"இதுல என்ன இருக்கு," என்றார் அப்பா. "அவங்க மிஷின், அவங்க கரண்ட். அவங்களுக்குத்தானே சொந்தம்."

"நீங்க கொஞ்சம் சும்மா இருங்க. ஏண்டி, உங்க லைன்ல வேலைக்குப் போனா என்ன கேப்பாங்க?"

"செஞ்சதக் காட்டச் சொல்லுவாங்க."

"சர்டிஃபிகேட்?"

"அதையும் பாப்பாங்க. ஆனா செஞ்சதத்தான் முதல்ல கேப்பாங்க."

"நீ எதக் காட்டுவ?"

மகள் தாளை மடித்தாள். பிறகு மடிப்பைப் பிரித்து நீவினாள். அப்பா பேனா மூடியைத் திறந்தபடி வைத்திருந்தார். பக்கத்து வீட்டில் யாரோ குக்கரை இறக்கி வைக்கும் சத்தம் கேட்டது.

"உனக்கு எதைப் பாத்தாலும் சந்தேகம்," என்றாள் மகள் கடைசியில். "போன மாசம் என் ஃபோன எடுத்துப் பாத்தது எனக்குத் தெரியாதுன்னு நினைக்கிறியா?"

அம்மா தலையைக் குனியவில்லை. "பாத்தேன். நீ சொல்லியிருந்தா பாத்திருக்க மாட்டேன்."

"சொன்னா மட்டும்? காலேஜ விட்டு நிறுத்துவ. ஒண்ணரை வருஷம்மா. கையெழுத்துப் போடலைன்னா அனுப்பிடுவாங்க. அதுக்கப்புறம் என்ன, உன் கம்பெனியில வந்து பட்டன் எண்ணட்டுமா?"

"உங்கம்மாவுக்கு சாமியே நேர்ல வந்தாலும் ஒரு பக்கம் தோள்பட்டை ஏறியிருக்குன்னுதான் சொல்லுவா," என்றார் அப்பா. பேச்சை எப்படியாவது லேசாக்கப் பார்த்தார். யாரும் சிரிக்கவில்லை. பேனாவை மூடிப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"கையெழுத்துப் போடறேன்," என்றாள் அம்மா. "நானே கொண்டுவந்து குடுக்கறேன்."

"அங்க வந்து நீ எதுவும் பேசக்கூடாது."

"பேசல."

புதன்கிழமை அரைநாள் லீவு போட்டாள். காரணம் கேட்ட ஸ்டாப்வாட்ச்சிடம் மகள் கல்லூரியில் கூப்பிட்டிருக்கிறார்கள் என்றாள். "என்ன தப்புப் பண்ணுச்சு?" என்றார் அவர். அந்த ஆளுக்கும் இதே நோய்தான் என்று நினைத்துக்கொண்டாள்.

மூன்று மணிக்கு மேல் மெத்தைக் கடைக்கு வந்தாள். மழை விட்டிருந்தது. பிளாஸ்டிக் சுற்றிய மெத்தைகள் வாசலில் சுவரோடு சாய்ந்திருந்தன. பக்கவாட்டுப் படியில் ஏறினாள். மூன்றாவது மாடியில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே கால் வைத்ததும் குளிர் முகத்தில் அடித்தது. அப்பா சொன்னது சரிதான். ஏசி சத்தமே இல்லாமல் ஓடியது.

நீளமான அறை. இருபதுக்கும் மேற்பட்ட தலைகள் வரிசையாக இருந்தன. கதவு திறந்த சத்தத்துக்கு ஒரு தலைகூடத் திரும்பவில்லை. கல்லூரியில் அந்நிய ஆள் ஒருத்தி உள்ளே வந்தால் பிள்ளைகள் திரும்பிப் பார்ப்பார்கள், குசுகுசுவென்று பேசுவார்கள், ஒன்றிரண்டு சிரிப்பாவது கேட்கும். சுவரில் வெள்ளைப் பலகை மாட்டியிருந்தது. அதில் எதையும் எழுதி அழித்த தடம் இல்லை. பலகைக்குக் கீழே பேனாக்கள் வாங்கி வைத்த அட்டையிலேயே இருந்தன. எதிர்ச் சுவரில் பெரிய திரை. அதில் எண்களும் பெயர்களும் வரிசை வரிசையாக, சிவப்பிலும் மஞ்சளிலும் பச்சையிலும் இருந்தன. ஒரு மஞ்சள் அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பச்சையானது. இருபத்தைந்து, இருபத்தாறு வயதுள்ள ஒருவன் உள்ளேயும் தொப்பி போட்டுக்கொண்டு, தலைகளுக்குப் பின்னால் மெதுவாக நடந்துகொண்டிருந்தான். மகள் வீட்டில் தொப்பி சார் என்று சொல்வது இவனைத்தான். ஞாயிற்றுக்கிழமை போனில் பேசுகிறவன்.

பிரின்சிபால் அறை கண்ணாடித் தடுப்புக்குள் இருந்தது. அவர் எழுந்து வணங்கி, நாற்காலி காட்டினார். மென்மையான மனிதர். அவர் சட்டைக் காலரின் இடது முனை கொஞ்சம் தூக்கியிருந்தது. உள்ளே வைத்த ஒட்டுத்துணி வெட்டிய கோளாறு. அம்மா பார்வையை இறக்கிக்கொண்டாள்.

"இதுக்காக நீங்களே அலைஞ்சு வரணுமாம்மா? பொண்ணுகிட்டக் குடுத்து அனுப்பியிருக்கலாமே. டீ சாப்பிடறீங்களா?"

"வேணாம் சார். ஒண்ணு கேக்கணும். பிள்ளைங்களுக்கு ஏன் சார் துண்டு துண்டா குடுக்கறீங்க?"

அவர் சிரித்தார். கேள்விக்குக் காத்திருந்தவர்போலச் சிரித்தார். "ஒவ்வொருத்தரும் ஒவ்வொண்ணா கத்துக்கணும்மா. முழுசையும் ஒரே ஆள்கிட்டக் குடுத்தா பயந்துடுவாங்க. வெளிய ஸ்டூடியோல இப்பிடித்தான் வேலை நடக்கும். இங்கயே பழகிட்டா அங்க போனதும் கஷ்டம் இல்ல."

"ஒண்ணரை வருஷமா கையும் காலும்தான் செய்யறா."

"அடிப்படை பலமா இருக்கணும் இல்லையாம்மா."

"இதெல்லாம் செஞ்சு எங்க சார் போகுது?"

"எங்கயும் போகாது. இங்க நம்ம கம்ப்யூட்டர்லயே இருக்கும். பிராக்டிஸ்தானே."

எல்லாப் பதிலும் பொருந்தித்தான் இருந்தது. ஒவ்வொன்றையும் தனித்தனியாக எடுத்துப் பார்த்தால் எந்தக் குறையும் சொல்ல முடியாது. அதுதான் அம்மாவுக்கு இன்னும் சங்கடமாக இருந்தது. மடித்த தாளைப் பையிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். கையெழுத்து இன்னும் போடவில்லை. பேச மாட்டேன் என்று மகளிடம் சொன்னது நினைவு வந்தது. பேசாமல் இருந்தாள்.

அந்த மௌனம் பிரின்சிபாலுக்குப் பிடிக்கவில்லை போலிருக்கிறது. "உங்க பொண்ணு எங்க பெஸ்ட் ஸ்டூடன்ட்மா. நீங்களே பாருங்க," என்று தொப்பியிடம் சொல்லி மகளை வரவழைத்தார். மகள் உள்ளே வந்து, அம்மாவின் மடியிலிருந்த தாளைப் பார்த்துவிட்டு, சுவரோரம் நின்றாள். பிரின்சிபால் தன் மேசையிலிருந்த பெரிய திரையைத் திருப்பி வைத்துப் படத்தை ஓடவிட்டார்.

ஒன்பது விநாடி. ஒரு மனிதன் மாடிக் கைப்பிடியைத் தாண்டிக் குதித்து, வெயில் விழும் வெள்ளைச் சுவரை ஒட்டிப் பறந்து, எதிர்க்கூரையில் போய் இறங்கினான். முகமும் இரண்டு கைகளும் சேர்ந்து முழு ஆளாக இருந்தான். கயிறு எங்கும் இல்லை. மகளின் இரண்டு விநாடி எது என்று அம்மாவுக்குத் தெரியவில்லை. அவ்வளவு ஒட்டிப்போயிருந்தது. ஒரு நொடி, அத்தனை வாரத்துச் சந்தேகத்தையும் மீறி, அவளுக்குப் பெருமையாக இருந்தது.

"இன்னொரு தடவ போடுங்க சார்."

அவர் சந்தோஷமாகப் போட்டார். ஆறாவது விநாடியைத் தாண்டியதும் வெள்ளைச் சுவரில் ஏதோ ஒன்று அசைந்தது. தைத்து முடித்த சட்டையில் வெட்டாமல் விட்ட நூல் எப்படித் தெரியுமோ அப்படி.

"இன்னும் ஒரு தடவ."

நிழல். கயிற்றை அழித்தவர்கள் கயிற்றை அழித்திருந்தார்கள். சுவரில் விழுந்த அதன் நிழலை யாருக்கும் பிரித்துக் கொடுக்கவில்லை. கை செய்தவர்கள் கையையும் முகம் செய்தவர்கள் முகத்தையும்தான் பார்த்திருந்தார்கள். அது எவருடைய எண்ணுக்குள்ளும் வராத இடம்.

"இதுல ஒண்ணு விட்டுப்போயிருக்கு சார்," என்றாள்.

பிரின்சிபால் திரையைப் பார்த்தார். தொப்பி மேசையை நெருங்கிக் குனிந்தான். மறுபடி ஓட்டினார்கள். நிறுத்தி நிறுத்தி ஓட்டினார்கள்.

"எங்கம்மா?"

அம்மா மடியிலிருந்த தாளை நேராக்கி வைத்தாள்.

"சும்மா சொல்றாங்க," என்றார் பிரின்சிபால் தொப்பியிடம் தணிந்த குரலில்.

"இல்ல சார். இவங்க சட்டைக் கம்பெனியில செக்கிங்னு இவ சொல்லியிருக்கா." தொப்பி திரையிலிருந்து நிமிர்ந்தான். "போன தடவ மாதிரி முழுசா திருப்பி அனுப்பிட்டாங்கன்னா. அஞ்சு மணிக்குப் போயாகணும் சார். இப்பத் தெரிஞ்சாத்தான் முடிக்க முடியும்."

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்குப் பட்டது. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான்.

"எங்க போயாகணும்?" என்றாள் அம்மா.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருபது பேர் விசையைத் தட்டும் சத்தம் மெல்லிய தூறல்போலக் கேட்டது. சுவர்க் கடிகாரத்தில் மணி மூன்று நாற்பது. அம்மா தாளை மேசைமேல் வைத்தாள்.

"இதுல நான் கையெழுத்துப் போடல சார். நீங்க ஒண்ணு எழுதிக் குடுங்க. இன்ன படத்துல, இந்த நம்பர்ல இருந்து இந்த நம்பர் வரைக்கும், இன்ன வேலை இவ செஞ்சான்னு. அதை இவ வெளிய காட்டலாம்னும் எழுதுங்க. சீல் போட்டு."

"இது காலேஜும்மா. கம்பெனி இல்ல. சர்வீஸ் லெட்டர்லாம் குடுக்கறதுக்கு."

அம்மா தாளை அவர் பக்கம் நகர்த்தினாள்.

பிரின்சிபால் அவளை விட்டுவிட்டு மகள் பக்கம் திரும்பினார். குரலில் பழைய மென்மை அப்படியே இருந்தது. "நீ வாம்மா. உன் கண்ணு ஷார்ப்பு. எங்க இருக்குன்னு பாரு. நாலு மாசத்துல பரீட்சை. உங்கம்மா பேசினதெல்லாம் நான் மனசுல வெச்சுக்கப் போறதில்ல."

மகள் மேசைக்கு வந்தாள். நாற்காலியில் உட்காராமல் குனிந்து, ஒவ்வொரு படமாகத் தள்ளினாள். அம்மா திரையைப் பார்க்கவில்லை. மகளின் விரலைப் பார்த்தாள். ஆயிரத்து நூறைத் தாண்டியது. ஆயிரத்து நூற்றைம்பது. ஒன்று. விரல் நின்றது. ஒரு படம் பின்னால் போனது. ஒரு படம் முன்னால் வந்தது. மகளின் கண்கள் சுவரில், சரியாக அந்த இடத்தில் இருந்தன. இவ்வளவுதான், சொல்லிவிடுவாள் என்று அம்மா நினைத்தாள். சொன்னாலும் குற்றம் சொல்ல முடியாது. ஒன்றரை வருடம் அவளுடையது.

விரல் மறுபடி நகர்ந்தது. ஆயிரத்து இருநூற்றுப் பதினாறு வரைக்கும் ஒரே வேகத்தில் போனது. படம் முடிந்தது.

"தெரிஞ்சுதா?"

"தெரியல சார்," என்றாள் மகள். நிமிர்ந்து, அம்மாவின் நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். அம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை.

பிரின்சிபால் கடிகாரத்தைப் பார்த்தார். தொப்பியைப் பார்த்தார். தொப்பி தரையைப் பார்த்தான். அவர் இழுப்பறையைத் திறந்து கல்லூரிப் பெயர் அச்சிட்ட தாளை எடுத்தார். பேனாவை இரண்டு தடவை உதறினார்.

"சொல்லு. எந்த நம்பர்ல இருந்து எந்த நம்பர் வரைக்கும்?"

"ஆயிரத்து நாப்பத்தொம்பது டு ஆயிரத்துத் தொண்ணூத்தாறு. இடது கை," என்றாள் மகள்.

அவர் எழுதினார். கையெழுத்துப் போடப் போனார்.

"அதுக்கு முன்னாடி மழை சீன் சார். ஆயிரத்து ஒண்ணு டு ஆயிரத்து முப்பது, குடை. அதே சீன்ல ஆயிரத்து நூத்தி இருபது டு நூத்தி அறுபத்தி நாலு, பின்னந்தலை. பஸ் சீன்ல ஆயிரத்துப் பதினேழு டு ஐம்பத்தெட்டு, கண்ணாடியில தெரியற ஆளு. போன வருஷம் ஜூலையில குதிரை. நாலு காலும் நான்தான்."

தாள் எதையும் பார்க்காமல் சொன்னாள். நிறுத்தவில்லை. அம்மா அண்ணாந்து மகளைப் பார்த்தாள். இத்தனை நாளும் இவள் எண்களை மனதுக்குள் அடுக்கி வைத்துக்கொண்டேதான் இருந்திருக்கிறாள். யாரிடமும் சொல்லாமல், அம்மாவிடமும் சொல்லாமல்.

பிரின்சிபாலின் பேனா பாதித் தாளில் நின்றது. "இவ்வளவுமா?"

"இன்னும் இருக்கு சார்."

மணி மூன்று ஐம்பத்திரண்டு. அவர் மறுபடி குனிந்து எழுதினார். அம்மா எழுந்து மேசைக்கு எதிர்ப்பக்கம் நின்றாள். தலைகீழாகத் தெரிந்த எழுத்தை, மகள் சொல்லச் சொல்ல, ஒவ்வொரு எண்ணாகச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள். நிழலைப் பற்றி அவள் இன்னும் வாய் திறக்கவில்லை. முதலில் சீல் விழட்டும்.